நடுக்கை

பிப்ரவரி 5, திங்கள்

"கை எப்பெப்ப மரத்துப் போகுதுன்னு ஒரு மாசம் தேதி போட்டு எழுதிட்டு வாங்கம்மா, அப்புறம் பாக்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிவிட்டாள். மாத்திரை கேட்டுப் போனவளுக்கு வீட்டுப்பாடம். பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது வருஷம் ஆகிறது. அப்போதே வீட்டுப்பாடம் எழுதாதவள் நான்.

சங்கத்தில் வருஷா வருஷம் ஒரு சிவப்பு டைரி கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அது மிக்ஸி ஆடாமல் இருக்க அடியில் கிடக்கும். இந்த வருஷத்து டைரியை உருவி எழுதுகிறேன். மிக்ஸி இப்போது கடகடவென்று ஆடுகிறது. சட்னி அரைக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொள்வேன்.

பேர் தவமணி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். டீ சர்ட்டின் இரண்டு பக்கமும் கக்கத்திலிருந்து இடுப்பு வரை மூட்டுகிற வேலை. மூன்றாவது லைனில் முதல் மிஷின் என்னுடையது. முதல் மிஷினை யாருக்கும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். லைனில் யார் கை வேகமோ அவளுக்குத்தான். பத்தொன்பது வருஷமாக அது என் கை.

கை: காலை 6, பல் விளக்கும்போது. மதியம் 3. கம்பெனியில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பிப்ரவரி 7, புதன்

கை: மதியம் 3. ஐந்து நிமிஷம்தான். தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

கேட் மீட்டிங். கூலி ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கிறது, நாங்கள் பழைய கூலியில் தைத்துக்கொண்டிருக்கிறோம். சங்கச் செயலாளர் மாரப்பன் அண்ணன் டீக்கடை பெஞ்சில் ஏறி மைக்கைப் பிடித்தார். அவருக்கு மைக் கிடைத்துவிட்டால் பெண்டாட்டி பேர்கூட மறந்துவிடும். முக்கால் மணி நேரம் உலகத் தொழிலாளர் வரலாறு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. எவ்வளவு கேட்கப்போகிறோம் என்று யாராவது சொல்லித் தொலைய மாட்டார்களா என்று நின்றேன். கடைசியில் சொன்னார். முப்பது சதவீதம்.

"முப்பது கேட்டாத்தானுங்க இருபதாச்சும் வரும்" என்று பக்கத்தில் நின்ற செல்லம்மிணியக்கா சொன்னார். அவர் என் லைனில் நான்காவது மிஷின். ஐம்பத்தொரு வயது. போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. கம்பெனியில் உட்கார்ந்தே பார்க்கிற வேலை டெய்லர் வேலை மட்டும்தான். மற்ற எல்லாரும் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். அதனால் அந்த ஸ்டூலை அக்கா சொந்த வீடு மாதிரி துடைத்து வைத்துக்கொள்வார்.

கை: மதியம் 2:40. வழக்கத்துக்கு முன்னாலேயே.

பிப்ரவரி 13, செவ்வாய்

கையெழுத்தாகிவிட்டது. இருபது சதவீதம். மாரப்பன் அண்ணன் கழுத்தில் மாலை, சட்டையெல்லாம் குங்குமம். கேட்டுக்கு வெளியே ஆளுக்கு ஒரு லட்டு. முந்திரி இல்லாத லட்டு, ஆனாலும் இனித்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

என் பக்கத்து மிஷின்காரி ஜெபக்கனி. சாத்தான்குளத்துப் பெண், இருபத்து நான்கு வயது. வேகத்தில் எனக்கு அடுத்த கை, அதைச் சொல்லிக் காட்டுவதிலும் அடுத்தவள். லட்டு தின்கிற நேரத்தில் ஒப்பந்த ஜெராக்ஸை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நாலாம் பக்கத்துல 'உற்பத்தி இலக்கை எட்டும் தொழிலாளிக்கு மட்டும்'னு போட்டிருக்கு. எலக்க அவங்களே கடிகாரம் வச்சி நிர்ணயிப்பாங்களாம். மூணு வாரம் எட்டலன்னா டெய்லர ஹெல்பரா எறக்கிருவாங்களாம். இத நீங்க பாக்கலியா?"

மாரப்பன் அண்ணன் சிரித்தார். "அதெல்லாம் ஆபீஸ்காரன் எப்பவும் போடற சங்கதி கண்ணு. நீ லட்டைத் தின்னு."

அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு நொட்டை சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 15, வியாழன்

எரிகிற எரிச்சலுக்கு இன்று சோறே இறங்கவில்லை.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கடிகாரமுமாக கிஷோர் என்று ஒரு பையன் சார் வந்திருக்கிறான். என்னவோ இன்ஜினியராம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் என்று அளந்து இலக்கு போடப்போகிறான். லைனில் யார் வேகமோ அவளை அளக்க வேண்டும் என்றான். மாரப்பன் அண்ணன் பாய்ந்துவிட்டார்.

"ஏனுங் தம்பி, இந்த ஊருல ஒரு வழக்கம் இருக்குதுங்க. புது டிசைன் வந்து பீஸுக்கு என்ன கூலின்னு பேசறப்ப, முதல் கையையும் பாக்கறதில்ல, கடைசிக் கையையும் பாக்கறதில்ல. வேகமும் இல்லாம மெதுவும் இல்லாம தைக்கற ஒருத்தரத்தான் உக்கார வெப்போம். நடுக்கைன்னு பேரு. அவிய தைக்கறதுதான் எல்லாருக்கும் கணக்கு. அப்பத்தான் யாரும் சாக மாட்டாங்க."

அதுவரை சரியாகத்தான் பேசினார். பையனும் தலையாட்டினான். அதற்கப்புறம் அந்த மனுஷன் என் பக்கம் திரும்பி, முப்பத்து நான்கு டெய்லர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "நடுக்கைன்னா நம்ம தவமணிதானுங்க. இப்பல்லாம் நெதானமாத்தான் தைக்குது" என்றார்.

நடுக்கையா! நானா! இந்தக் கட்டடத்துக்கு இரண்டாம் மாடி கட்டுவதற்கு முன்னாலிருந்து முதல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறவள் நான். ஜெபக்கனி குனிந்து நூல் கோர்க்கிற மாதிரி நடித்தாள். சிரிக்கிறாள் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

சாயங்காலம் கேட்டில் என்னைத் தனியாக நிறுத்தி வேறு பாடம் எடுத்தார். "அவசரமே படாதீங் அம்மிணி. துணிப் பண்டிலை நீங்களே பிரிங்க, நூலை நீங்களே வெட்டுங்க, நடுவுல ஒரு மடக்கு தண்ணி குடிங்க. தினமும் எப்படியோ அப்படி." எனக்கே தைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்.

கை: 11 மணி. மறுபடி 3.

பிப்ரவரி 16, வெள்ளி

டைம் எடுத்தார்கள். பதினைந்து நிமிஷம். முடிந்தது.

சாயங்காலம் மோர் குடிக்கும்போது டம்ளர் விழுந்து நசுங்கிவிட்டது. வீட்டுக்காரர் எடுத்துக் கழுவி வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வருகிறது. கையெழுத்து இப்படிக் கோணலாக இருப்பதற்குப் பேனாதான் காரணம்.

பிப்ரவரி 19, திங்கள்

போர்டில் ஒட்டிவிட்டார்கள். சைடு மூட்டுகிற டெய்லருக்கு மணிக்கு எண்பத்து நான்கு பீஸ்.

லைனே கொதிக்கிறது. எங்கள் லைனில் யாரைக் கேட்டாலும் அறுபது, அறுபத்தைந்து. பெரிய சூரிகள் எழுபது. எட்டு மணி நேரமும் எண்பத்து நான்கு தைக்க மனுஷப் பிறவியால் ஆகுமா? பதினைந்து நிமிஷத்தை அளந்துவிட்டு நான்கால் பெருக்கினால் ஒரு மணி நேரமாம், அதை எட்டால் பெருக்கினால் ஒரு நாளாம். இதைப் படிக்க இன்ஜினியரிங் காலேஜ் வேறு. எல்லாத் தப்பும் அந்தக் கிஷோர் மேல்தான். கடிகாரத்தை அமுக்குவதில் ஏதோ கோளாறு பண்ணியிருக்கிறான்.

மாரப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஊசியைப் பார்த்தேன்.

பிப்ரவரி 21, புதன்

சிலிண்டர் வந்தது. கை: காலை, மதியம், சாயங்காலம். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க இவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. மூடியை அவ்வளவு இறுக்கியது யார் என்று கேட்டுச் சண்டை போட்டேன். இறுக்கியது நான்தானாம்.

பிப்ரவரி 24, சனி

முதல் வாரம் முடிந்தது. லைனில் ஒருத்தரும் இலக்கைத் தொடவில்லை. ஜெபக்கனி எண்பது, அதுவும் மத்தியானச் சோற்றைப் பத்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு. செல்லம்மிணியக்கா அறுபத்திரண்டு. மற்றவர்களும் அங்கேதான் சுற்றிச் சுற்றி.

நான் அறுபத்து மூன்று. மிஷின் சரியில்லை.

ஆக, இருபது சதவீத உயர்வு எங்கள் லைனில் ஒருத்தருக்கும் இல்லை. லட்டு மட்டும்தான் மிச்சம். வாரச் சம்பளக் கவரைப் பிரித்துவிட்டு எல்லாரும் மாரப்பன் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "இருவது வாங்கித் தந்தோம்னு மாலை போட்டுக்கிட்டீங்களே, எங்கீங்க அந்த இருவது?" பாவம், மைக் இல்லாமல் அவருக்குப் பேச்சே வரவில்லை.

மேனேஜர் நந்தகோபால் என்னை மட்டும் கூப்பிட்டு, வெல்லக்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற அந்தக் குரலில், "எண்பத்து நாலு தைச்சதே நீங்கதானேம்மா, இப்ப என்ன ஆச்சு?" என்றார். மிஷின் சரியில்லை என்றேன். மெக்கானிக்கை அனுப்பினார். மெக்கானிக் பார்த்துவிட்டு மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டான். இந்த ஊரில் ஒரு மெக்கானிக்குக்கும் தொழில் தெரியவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

மாரப்பன் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் நாற்காலி போட்டு, காபி வைத்துக் கொடுத்தார்.

"அன்னைக்கு என்ன நடந்துதுங் அம்மிணி?" என்றார்.

"என்ன நடக்கும்? தைச்சேன்."

"பாத்ரூம் போகலீங்களா? தண்ணி குடிக்கலீங்களா?"

"பதினஞ்சு நிமிசத்துல எத்தன தடவைங்க பாத்ரூம் போறது?"

காபி நன்றாக இருக்கிறது என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலாம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் என்னை விசாரிக்க வருகிறாராம்!

மார்ச் 2, சனி

இரண்டாவது வாரமும் போயிற்று. அடுத்த சனிக்கிழமை மூன்றாவது. ஹெல்பராக இறக்குவதை லைனில் எல்லாருக்கும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள், வேலை நின்றுபோகும். ஒவ்வொருத்தராகச் செய்வார்களாம். முதல் பேர் எழுதிவிட்டார்கள். செல்லம்மிணி. அறுபத்து நான்கு தைக்கிறவர்களும் அறுபது தைக்கிறவர்களும் இருக்கிற லைனில் வயதைப் பார்த்து அவர் பேரைப் போட்டிருக்கிறார்கள்.

தண்ணிக் குழாய்க்குப் பக்கத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு அழுதார். "எட்டு மணி நேரம் நிக்கறதுக்கு என்ற கால் ஒத்துக்காதுங் கண்ணு. ஹெல்பரா போடறதும் வீட்டுக்குப் போன்னு சொல்றதும் எனக்கு ஒண்ணுதானுங்க." அவர் யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வண்டி எடுக்கும்போது ஜெபக்கனி பின்னாலேயே வந்தாள்.

"யக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. அன்னைக்கு நான் பக்கத்துலதான இருந்தேன். நீங்க ஒரு பீஸுக்குக்கூட நூல் வெட்டல. பண்டிலெல்லாம் முன்னாடியே பிரிச்சி மடியில வச்சிருந்திய. புது ஊசி போட்டிருந்திய. கடிகாரத்த நிப்பாட்டுன ஒடனே கைய மேசைக்கு அடியில வச்சி அமுக்கிட்டே இருந்திய. நான் யார்ட்டயும் சொல்லல. நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன்."

"உன் வேலையைப் பாத்துட்டுப் போடி" என்றேன். போய்விட்டாள்.

மார்ச் 3, ஞாயிறு

கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். உப்பு அதிகம்.

சரி. எழுதித் தொலைக்கிறேன். மிக்ஸிக்கு அடியில் போகப்போகிற டைரிதானே.

டைம் எடுத்த அன்று காலை டீ இடைவேளையிலேயே நான்கு பண்டிலைப் பிரித்து வைத்தேன். புது ஊசியும் போட்டேன். ஹெல்பர் பெண்ணிடம் அடுக்கித் தரச் சொன்னேன். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன், ஏதோ வேகத்தில் நடந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். நடுக்கை என்றாரே, அதைக் கேட்ட ராத்திரியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இவர்களுக்கு என் கை விஷயம் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் முதல் மிஷின் போகும். அப்புறம் லைனும் போகும். கையை நம்பிப் பிழைக்கிறவளுக்குக் கை போய்விட்டது என்று நாலு பேர் பேசிவிட்டால் வேறு என்ன இருக்கிறது? கை நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்குப் பதினைந்து நிமிஷம் கிடைத்தது. இருபத்தோரு பீஸ் தைத்தேன். வாழ்நாளில் அப்படித் தைத்ததில்லை. கிஷோர் "சூப்பர்ம்மா" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். பெரிய சந்தோஷம்.

அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

முப்பத்து நான்கு பேர் கூலியில் நான் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

வேலை முடிந்ததும் சங்க ஆபீஸுக்குப் போய் மாரப்பன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பார்த்தேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க கை மரத்துப் போறது எனக்குத் தெரியுமுங் அம்மிணி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"டீ டம்ளரை ரெண்டு கையில பிடிக்கறீங்களே, ஆறு மாசமா. என்ற சம்சாரத்துக்கும் இதேதான். அதனாலதான் உங்க பேரைச் சொன்னேன். உங்களால வேகமாத் தைக்க முடியாது, பொய்யும் வேண்டியதில்லை, உள்ளபடியே நடுவுல நிக்கும்னு கணக்குப் போட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு மேசையைப் புரட்டியிருப்பேன். "அதை என்கிட்டச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்னங்க கேடு? நெதானமாத் தைக்குதுன்னு ஊரே கேக்க ஏலம் போடறீங்க, காரணத்தை மட்டும் பூட்டி வெக்கறீங்க!"

"சொன்னா வருத்தப்படுவீங்கன்னு..."

"நல்லா வருத்தப்படாம இருந்தேன் போங்க."

அப்புறம் அவரே, "நாலாம் பக்கத்தை நானும் படிக்கலீங்க. அன்னைக்குக் கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டுப் போயிட்டேன். எத்தன சதவீதம்கற இடத்தை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டேன்" என்றார். வெளியே யாரிடமும் இதை ஒத்துக்கொள்ளாதவர். அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நாளை வரும்.

இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த நாலாம் பக்கத்தை வரி வரியாகப் படித்தோம். முப்பது நாளைக்குள் ஒரே ஒரு தடவை மறுபடி அளக்கச் சொல்லிச் சங்கம் கேட்கலாம், ஆனால் அதே தொழிலாளியைத்தான் அளக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. எத்தனை நேரம் அளக்க வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை.

"எட்டு மணி நேரமும் அளக்கச் சொல்லுங்க" என்றேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சு போயிருமுங் அம்மிணி. கை விசயம்."

"தெரியட்டும்."

மார்ச் 5, செவ்வாய்

நந்தகோபால் உடனே ஒத்துக்கொண்டார். இந்த அம்மா மறுபடியும் எண்பத்து நான்கு தைப்பாள் என்று அவருக்கு ஆசை. வெள்ளிக்கிழமை.

கை: காலை, மதியம். பருப்பு தீர்ந்துவிட்டது.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினமாம். கேட்டில் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ரோஜாப்பூவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார்கள். டப்பாவுக்கு மூடி சேரவில்லை.

எட்டரைக்கு உட்கார்ந்தேன். பண்டிலை நானே பிரித்தேன், நூலை நானே வெட்டினேன், அடுக்கி நானே கட்டினேன். பக்கத்தில் கிஷோர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். முதல் மணி எண்பத்து மூன்று. நந்தகோபால் தூரத்திலிருந்து சிரித்தார். அடுத்தது எழுபத்தொன்பது, எழுபத்தாறு, எழுபது. சாப்பாட்டுக்கு முன்னாலேயே விரல் நுனிகள் போய்விட்டன. துணி என் கையில்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத் தைத்தேன்.

மத்தியானம் ஐம்பத்தெட்டு. அப்புறம் நாற்பத்தொன்பது. மூன்று மணிக்கு மேல் பீஸ் நழுவிக் கீழே விழ ஆரம்பித்தது. குனிந்து எடுப்பேன், மறுபடி விழும். எப்போதும் ஓடுகிற ரேடியோப் பாட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள். லைனில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பத்தொன்பது வருஷம் இவர்கள் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதானே தைத்தேன், நன்றாகப் பார்க்கட்டும். முப்பத்தேழு. கடைசி மணி முப்பத்தாறு. அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை தண்ணி குடித்தேன், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து.

எட்டு மணி நேரத்துக்கு நானூற்று எண்பத்தெட்டு. கிஷோர் வகுத்துப் பார்த்தான். மணிக்கு அறுபத்தொன்று.

நந்தகோபால் வந்தார். வெல்லக்கட்டி கரைந்துபோயிருந்தது. "இது நடிப்பு. மத்தியானத்துக்கு மேல வேணும்னே பீஸைக் கீழ போட்டுச்சு, நானே பாத்தேன். சங்கம் சொல்லிக்கொடுத்துப் பண்றது" என்றார்.

கை போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நடிப்பு என்றாரே! மாரப்பன் அண்ணன் பேச வாயைத் திறப்பதற்குள் நான் பையிலிருந்து இந்த டைரியை எடுத்து மேசைமேல் வைத்

(இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸிலிருந்து ஆள் வந்து டைரி வேண்டும் என்று நிற்கிறான்.)

மார்ச் 9, சனி

டைரி ஆபீஸில் இருக்கிறது. இதை அட்டைப் பெட்டி கிழித்து அதில் எழுதுகிறேன். டைரி திரும்பி வந்தால் நடுவில் சொருகிவிட வேண்டும்.

நேற்று விட்ட இடம். டைரியை மேசைமேல் வைத்தேன். "நடிப்புன்னா பிப்ரவரி அஞ்சாம் தேதியிலிருந்து நடிக்கறனுங்க சார், பாத்துக்கோங்க. ஆஸ்பத்திரியில எழுதச் சொன்னது" என்றேன். அவர் புரட்டிவிட்டு என்னிடமே நீட்டினார். சாயங்காலம், நான் எழுதிக்கொண்டிருந்த பாதியில், ஆளை அனுப்பி வாங்கிக்கொண்டார். இன்று காலையில் பேச்சுவார்த்தை. நந்தகோபால், கிஷோர், மாரப்பன் அண்ணன், நான். நடுவில் சிவப்பு டைரி. அதில் ஒவ்வொருத்தரைப் பற்றியும் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

நந்தகோபால் இரவெல்லாம் படித்திருக்கிறார். முகம் கடுகடுவென்று இருந்தது. "நடிப்பு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா இந்தம்மா நோயாளின்னு இவங்க கையாலயே எழுதியிருக்காங்க. நோயாளிக் கையை வெச்சு எப்படி இலக்கு போடறது? நேத்து எடுத்தது செல்லாது. பழைய எண்பத்து நாலுதான்."

மாரப்பன் அண்ணன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் நிதானம் வந்ததோ தெரியவில்லை.

"சார், பிப்ரவரி பதினாறாம் தேதி நீங்க அளந்ததும் இதே கையைத்தானுங்க. அன்னைக்குக் காலையிலும் மரத்துத்தான் இருந்துச்சு, அதுக்கு முந்தின நாளு ரெண்டு தடவ மரத்துதுன்னு அதுலயே இருக்குது. அந்த நோயாளிக் கையை வெச்சுத்தான் எண்பத்து நாலுன்னு போர்டுல ஒட்டினீங்க. அப்ப மட்டும் அது நல்ல கைங்களா? செல்லாதுன்னா ரெண்டும் செல்லாது. செல்லும்னா எட்டு மணி நேரம் அளந்தது செல்லும். அன்னைக்கு நூலுகூட வெட்டாம நான் ஏமாத்துனதும் மூணாம் தேதியில எழுதியிருக்குதுங்க, படிச்சிருப்பீங்க."

கிஷோர்தான் மெதுவாக, "லாஜிக்கா சரிதான் சார்" என்றான். பதினைந்து நிமிஷத்தை நான்கால் பெருக்கியவன், இன்று ஒழுங்காகக் கணக்குப் போட்டான்.

மத்தியானம் மூன்று மணி வரை இழுத்தார்கள். கடைசியில் மணிக்கு அறுபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்தானது. இரண்டு பிரதி. இந்தத் தடவை மாரப்பன் அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி எழுத்து வரை படித்தார். நான் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னேன். லைனில் பெரும்பாலானவர்கள் இருபது சதவீதத்துக்குள் வந்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு ஒன்றிரண்டு பீஸ்தான் குறை. செல்லம்மிணியக்கா பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

கூடவே இன்னொன்று. நோயாளி என்று நானே எழுதிக்கொடுத்துவிட்டேன் அல்லவா? டெய்லர் மிஷினில் இனி உட்கார வைக்க முடியாதாம். திங்கள் முதல் செக்கிங் டேபிள். கூலி டெய்லரைவிடக் குறைவு. மாரப்பன் அண்ணன் அதற்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டார், கொஞ்சம் ஏற்றித்தான் வாங்கினார். முழுசாக வரவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கை எத்தனை நாளாக இப்படி என்று இவர் கேட்பார் என்று காத்திருந்தேன். "டைரி படிச்சேன்" என்றார். மிக்ஸி ஏன் ஆடுகிறது என்று டைரியைத் தேடி எடுத்தவர் படித்தும் பார்த்திருக்கிறார்! எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, நான்தான் பெரிய ரகசியம் காத்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. நன்றாக அழுதேன்.

மார்ச் 11, திங்கள்

டைரியை மாரப்பன் அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். அட்டையை ஒன்பதாம் தேதியில் சொருகிவிட்டேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் "பெண்டாட்டி பேர்கூட மறந்துவிடும்" என்பதற்கு நேராக மாரப்பன் அண்ணன் பென்சிலால் எழுதியிருக்கிறார்: அவ பேரு சிவகாமி.

போர்டில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறது. 'சைடு ஓவர்லாக், மணிக்கு 61. அளவு எடுக்கப்பட்டவர்: தவமணி, நடுக்கை.' கிஷோர் அந்தச் சொல்லையே எழுதியிருக்கிறான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "யாருங்க்கா இந்தத் தவமணி?" என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

முதல் மிஷினில் ஜெபக்கனி உட்கார்ந்திருக்கிறாள். என் ஸ்டூலின் உயரத்தை மாற்றிவிட்டாள். பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டேன். பத்து மணிக்கு அவளே எழுந்து வந்து எனக்கு டீ கொடுத்தாள். பாதி டம்ளர்தான் ஊற்றியிருந்தாள், கனக்காமல் இருக்க. முழுசாக ஊற்றினால் என்னடி என்று சத்தம் போட்டேன். "கொட்டிருவியன்னுதான்" என்றாள், முகத்துக்கு நேராகவே.

செக்கிங் டேபிளில் எனக்கு வந்த முதல் பண்டில் செல்லம்மிணியக்கா தைத்தது. ஆறாவது பீஸில் கக்கத்துக்குக் கீழே தையல் விட்டுப்போயிருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் போட்டேன்.

"இத்தனை பாடுபட்டு அறுபத்தொண்ணு வாங்கியாச்சு, ஒழுங்காத் தைச்சா என்னங் அக்கா?"

"கண்ணு தெரியலீங் கண்ணு" என்று சிரித்துக்கொண்டே பிரித்தார்.

கை: காலை 6. மதியம் 3, செக்கிங் டேபிளில், நின்றுகொண்டு. கால் வலி தனி.